ரைஸ் குக்கர்: வாங்கலாமா, வேண்டாமா?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் சோறு ஆக்குவதைப் பற்றி எதற்கு என்று கேட்காதீர்கள். ஒரு பென் டிரைவ் வாங்குவதற்குக்கூட நான்கு பேரிடம் விசாரிக்கிறோம். ஆனால் தினமும் ஓடப்போகிற ரைஸ் குக்கரை மட்டும் கல்யாணப் பரிசாக வந்ததே என்று வைத்துக்கொள்கிறோம், அல்லது ஆடித் தள்ளுபடியில் வாங்கிப் பரணில் போடுகிறோம். எங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று ஒன்பது வருடம் அட்டைப் பெட்டி பிரிக்காமல் கிடந்தது. அக்கா கல்யாணத்துக்கு வந்தது. "பிரஷர் குக்கர் இருக்கும்போது இது எதுக்கு?" என்று அம்மா ஏற்றி வைத்தது.

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடமும் பதில் இல்லை. பதில் தேட வேண்டிய அவசியம் 2023இல் வந்தது. அந்த ஆண்டு அம்மா தவறிவிட்டார். அப்பா மன்னார்குடியில் தனியாக இருக்கிறார். எனக்கு பெங்களூரில் சாப்ட்வேர் வேலை. மாதம் ஒருமுறை பஸ் பிடித்து ஊருக்குப் போய்வருவேன்.

அம்மா போய் ஐந்தாவது மாதம் ஒரு மதியம் பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து போன். அப்பா பிரஷர் குக்கரில் அடிப்பாகத்துக்குத் தண்ணீர் ஊற்ற மறந்து, அரிசிப் பாத்திரத்தை மட்டும் உள்ளே வைத்து மூடியிருக்கிறார். விசில் வரட்டும் என்று ஈசி சேரில் சாய்ந்தவர் தூங்கிவிட்டார். தண்ணீர் இல்லாத குக்கரில் விசில் எங்கிருந்து வரும்? சேஃப்டி வால்வு உருகி, காஸ்கெட் கருகி, புகை கொல்லைப் பக்கம் வரைக்கும் வந்த பிறகுதான் அந்த அக்கா ஓடிவந்து காஸை அணைத்திருக்கிறார். அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு முந்தைய மாதமும் இதேபோல ஒன்று நடந்ததாம். அதை என்னிடம் சொல்லவில்லை.

அன்றிரவு பஸ்ஸில் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது இதுதான். வால்வு தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது. ஆனால் வால்வு உருகிய பிறகும் அடுப்பு எரிந்துகொண்டேதான் இருந்தது. பிரஷர் குக்கரில் இருக்கும் பாதுகாப்பு எல்லாம் குக்கருக்குத்தான், அடுப்புக்கு இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இணைப்பு மனிதர்தான். விசிலை எண்ணி, எழுந்து போய், குமிழைத் திருப்ப வேண்டும். எங்கள் வீட்டில் முப்பது வருடம் அம்மா செய்த வேலை அது.

பெங்களூருக்கு வந்துவிடுங்கள் என்றேன். "அந்தப் பத்தாவது மாடியில நான் யாரோட பேசறது தம்பி?" என்றார். மெஸ்ஸிலிருந்து எடுப்புச் சாப்பாடு ஏற்பாடு செய்தேன். சோடா உப்பு வாடை என்று மூன்றாம் நாள் நிறுத்திவிட்டார். அப்போதுதான் பரணில் இருந்த பெட்டி ஞாபகம் வந்தது.

ஒரு வரி புரோகிராம் இல்லாத ஒரு ஆட்டோமேஷன்

இறக்கிப் பிரித்துப் பார்த்தேன். ஒரு லிட்டர் கொள்ளளவு, 450 வாட். ஒரே ஒரு லிவர், இரண்டு சின்ன விளக்குகள். டிஸ்ப்ளே இல்லை, சிப் இல்லை. பிறகு எப்படி அது தானாக நிற்கிறது?

இதன் ரகசியம் தண்ணீரில் இருக்கிறது. சாதாரண அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. எவ்வளவு சூடு கொடுத்தாலும் அந்தச் சூடு தண்ணீரை ஆவியாக்கத்தான் போகுமே தவிர, வெப்பநிலை அதற்கு மேல் ஏறாது. பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை அடிப்பாகம் ஏறக்குறைய 100இலேயே நிற்கும். அரிசி உறிஞ்சியது போக மீதித் தண்ணீர் ஆவியாகித் தீர்ந்த மறு நிமிடம் சரசரவென்று ஏறும். இந்த ஏற்றத்தைக் கண்டுபிடித்தால் போதும், சோறு ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கண்டுபிடிப்பது யார்? உள் பாத்திரத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். ஹீட்டர் தட்டின் நடுவில் ஸ்பிரிங்கில் மேலும் கீழும் போய்வரும் ஒரு பொத்தான் தெரியும். அதன் உள்ளே ஒரு பெரைட் துண்டு இருக்கிறது. காந்தப் பொருள் ஒவ்வொன்றுக்கும் கியூரி வெப்பநிலை என்று ஒன்று உண்டு. அதைத் தாண்டினால் அந்தப் பொருளைக் காந்தம் இழுக்காது. இரும்புக்கு இது 770 டிகிரி. பெரைட் என்பது இரும்பு ஆக்சைடுடன் வேறு உலோக ஆக்சைடுகளைச் சேர்த்துச் சுட்டுத் தயாரிக்கும் பொருள். கலவையை மாற்றினால் கியூரி வெப்பநிலையும் மாறும். ரைஸ் குக்கருக்குச் செய்யும் பெரைட்டில் அதை 103 டிகிரி சுமாருக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் லிவரை அழுத்தும்போது கீழே இருக்கும் ஒரு காந்தம் மேலே போய் இந்தப் பெரைட்டில் ஒட்டிக்கொள்கிறது. ஹீட்டருக்கு மின்சாரம் போகிறது. தண்ணீர் தீர்ந்து 103ஐத் தொட்டதும் பெரைட் காந்தத்தைக் கைவிட்டுவிடுகிறது. ஸ்பிரிங் தள்ள, காந்தம் விழ, 'டக்' என்று லிவர் மேலே வருகிறது. அவ்வளவுதான். நாம் புரோகிராமில் எழுதும் 'இஃப்' கட்டளையை ஒரு பீங்கான் மாதிரியான துண்டு செய்துகொண்டிருக்கிறது!

இன்னொரு தகவல். 1950களிலும் 60களிலும் கம்ப்யூட்டர்களின் மெமரி என்பதே கம்பியில் கோத்த பொடிப்பொடிப் பெரைட் வளையங்கள்தான். ஒரு வளையத்தில் ஒரு பிட். மின்சாரம் போனாலும் வளையம் தன் நிலையை மறக்காது. இந்தக் குணம் சமையலறையிலும் உதவுகிறது. மின்வெட்டைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

சோனி கோட்டை விட்டது, தோஷிபா பிடித்தது

சோனி நிறுவனத்தின் ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று ரைஸ் குக்கர் என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945இல், சோனி என்ற பெயரே வராத காலத்தில், மசாரு இபுகாவின் குழு இடிபாடுகளுக்கு நடுவே டோக்கியோவில் அதைச் செய்து பார்த்தது. மரத் தொட்டியின் அடியில் அலுமினிய மின்முனைகள். ஈர அரிசி வழியாகவே மின்சாரம் பாயும். தண்ணீர் வற்றினால் மின்தடை கூடி அதுவாக நிற்க வேண்டும். காகிதத்தில் பார்த்தால் பிரமாதம். ஆனால் அரிசி ரகம் மாறினாலோ, தண்ணீர் கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ ஒன்று குழைந்தது, இல்லையென்றால் அரைவேக்காடு. கடைக்கே போகவில்லை.

1955 டிசம்பரில் தோஷிபா வெளியிட்ட குக்கர்தான் வென்றது. அதை வடிவமைத்தவர் யோஷிததா மினாமி என்ற சிறு தொழிற்கூட முதலாளி. அவருடைய மனைவி ஃபுமிகோ வீட்டில் நாள் தவறாமல் சோறு ஆக்கி வெப்பநிலைகளைக் குறித்துக்கொடுத்தார். அவர்கள் செய்த தந்திரம் எளிமையானது. பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்தார்கள். வெளிப் பாத்திரத்தில் ஒரு கப் தண்ணீர். அது ஆவியாக சுமார் 20 நிமிடம் ஆகும். தீர்ந்ததும் வெப்பநிலை ஏறி, இரட்டை உலோகத் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். அந்த ஒரு கப் தண்ணீர்தான் டைமர்.

இன்றைய குக்கரில் வெளித் தண்ணீர் கிடையாது. ஆனால் தண்ணீரே டைமர் என்பது மட்டும் மாறவில்லை. இதைப் புரிந்துகொண்டால் ரைஸ் குக்கர் பற்றிய பாதிப் புகார்கள் தீர்ந்துவிடும். உங்கள் குக்கருக்கு அரிசி வெந்ததா என்பது தெரியாது. தண்ணீர் தீர்ந்ததா என்பது மட்டும்தான் தெரியும். எவ்வளவு நேரம் வேகவேண்டும் என்ற புரோகிராமை, தண்ணீரை அளந்து ஊற்றும்போது நீங்கள்தான் எழுதுகிறீர்கள்.

அப்பாவின் முதல் தீர்ப்பு

முதல் நாள் பெட்டியோடு வந்த சிறு புத்தகத்தைப் பார்த்து ஒன்றுக்கு இரண்டு என்று தண்ணீர் வைத்தேன். எங்கள் வீட்டில் புழுங்கல் பொன்னி. லிவர் டக்கென்று எழும்பியது. அப்பா ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தார். "நடுவுல எலும்பு நிக்குது" என்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். டெல்டாக்காரரிடம் சோற்று விஷயத்தில் சமாதானம் பேச முடியாது.

தப்பு அவருடையதும் இல்லை, குக்கருடையதும் இல்லை. இந்தச் சாதனம் பிறந்த நாட்டில் சாப்பிடுவது பச்சரிசி; அது சீக்கிரம் வேகும். நம் புழுங்கல் அரிசி நெல்லாக இருக்கும்போதே ஒருமுறை வெந்து காய்ந்தது. உள்ளே இருக்கும் மாவுச்சத்து இறுகிவிட்டதால் தண்ணீர் ஊற நேரம் பிடிக்கும். கூடுதல் நேரம் என்றால், நம் கணக்குப்படி, கூடுதல் தண்ணீர்.

அடுத்த இரண்டு நாள் விடுமுறை. நானும் அப்பாவும் ஒரு ஆழாக்கும் ஒரு பழைய டைரியுமாக உட்கார்ந்துவிட்டோம். (ரைஸ் குக்கர்கள் 1.8 லிட்டர் என்று விசித்திர அளவில் வருவது ஏன் தெரியுமா? ஜப்பானில் அரிசி அளக்கும் 'கோ' என்பது 180 மில்லி. பத்து கோ சேர்ந்தால் 1.8 லிட்டர். நம் ஆழாக்கு 168 மில்லி. கிட்டத்தட்ட ஒன்றுதான்! அப்பாவுக்கு இந்தக் குக்கர் மேல் முதன்முதலில் மரியாதை வந்தது இதைச் சொன்னபோதுதான்.)

அரை மணி நேரம் ஊறவைத்த புழுங்கல் பொன்னிக்கு எங்களுக்குச் சரியாக வந்த அளவு இது. ஒரு ஆழாக்கு அரிசிக்கு மூன்று ஆழாக்குத் தண்ணீர். இரண்டுக்கு ஐந்தரை. கவனித்தீர்களா? அரிசி இரட்டிப்பானபோது தண்ணீர் இரட்டிப்பாகவில்லை. அரிசி உறிஞ்சும் தண்ணீர் அரிசியின் அளவைப் பொறுத்தது. ஆனால் மூடி வழியாக ஆவியாகிப் போகும் தண்ணீர் எவ்வளவு அரிசி போட்டாலும் பெரிதாக மாறுவதில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த நேர்கோட்டுச் சமன்பாடுதான். எங்கள் குக்கரில் அரிசியை இரண்டரையால் பெருக்கி அரை ஆழாக்கு கூட்ட வேண்டும். ஒன்றுக்கு இத்தனை என்று ஒரே விகிதம் சொல்லிக்கொடுக்கும் சமையல் குறிப்புகள், ஒருவருக்கு ஆக்கும்போது அரைவேக்காடாகவும் ஆறு பேருக்கு ஆக்கும்போது குழைந்தும் போவது இதனால்தான்.

உங்கள் அரிசிக்கும் குக்கருக்கும் எண்கள் வேறாக இருக்கும். பழைய அரிசி அதிகம் குடிக்கும், புது அரிசி சீக்கிரம் குழையும். மூன்று நாள் எழுதிவைத்துப் பாருங்கள், உங்கள் சமன்பாடு கிடைத்துவிடும். அரிசி மூட்டை மாறும்போது மட்டும் மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

புழுங்கலரிசியில் இன்னொரு தொல்லை, கஞ்சி பொங்கி மூடி ஓட்டை வழியாக வழிவது. நன்றாக நான்கு தண்ணீரில் கழுவினால் பாதி குறையும். அரைச் சொட்டு நல்லெண்ணெய் விட்டால் இன்னும் குறையும். கொள்ளளவில் பாதிக்கு மேல் போகாமல் இருப்பதே நிரந்தரத் தீர்வு. அதனால்தான் நான்கு பேர் வீட்டுக்கு ஒரு லிட்டர் மாடல் போதாது என்கிறேன், பெட்டியில் என்ன போட்டிருந்தாலும்.

ருசியைப் பற்றி நேர்மையாகச் சொன்னால்

வடித்த சோறு போல வருமா? வராது. நிறையத் தண்ணீரில் துள்ள விட்டு, பதம் பார்த்து, கஞ்சியைச் சாய்த்து வடிக்கும்போது பருக்கையின் மேல் ஒட்டியிருக்கும் மாவு கஞ்சியோடு போய்விடுகிறது. சோறு பூப்போல உதிர்கிறது. ரைஸ் குக்கரில் அந்த மாவெல்லாம் சோற்றிலேயே படிகிறது. கஞ்சியோடு கொட்டிவிடும் பி வைட்டமின்கள் மிஞ்சுகின்றன என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் காய்ந்த சோற்றில் வத்தக்குழம்பு ஊற்றிப் பிசைந்து பழகிய கைக்கு வித்தியாசம் தெரியும்.

பிரஷர் குக்கரோடு ஒப்பிட்டால் கதை வேறு. பிரஷர் குக்கருக்குள் 120 டிகிரி வரை ஏறுகிறது. வேகம் கிடைக்கும், ஆனால் இரண்டு விசில் கூடினால் குழைந்துவிடும். ரைஸ் குக்கர் 100ஐத் தாண்டாததால் பருக்கை உடையாமல் வருகிறது. என் ஓட்டு: வடித்தது முதலிடம், ரைஸ் குக்கர் இரண்டாமிடம், பிரஷர் குக்கர் மூன்றாமிடம். ஆனால் பருப்பு? 100 டிகிரியில் துவரம்பருப்பு மசிய வைப்பதற்குள் பொறுமை போய்விடும். அங்கே பிரஷர் குக்கரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரே அடுக்கில் கீழே பருப்பு, மேலே சோறு என்று இருபது நிமிடத்தில் முடிக்கிற வீட்டில், ரைஸ் குக்கர் கழுவ வேண்டிய இன்னொரு பாத்திரம், அவ்வளவுதான். அம்மா பரணில் ஏற்றியது தப்பே இல்லை.

கரண்ட் பில் எகிறுமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. பிளக்கில் மாட்டும் சிறிய மீட்டர் ஒன்றை வாங்கி அளந்தேன். ஒரு ஆழாக்கு அரிசிக்கு அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 450 வாட் அரை மணி ஓடினாலே 0.225 யூனிட்தான். தினமும் ஒருவேளை ஆக்கினால் இரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று யூனிட். காஸில் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் நாளொன்றுக்கு ஒரு ரூபாய்கூட வித்தியாசம் வராது. மிச்சம் என்று யாராவது சொல்லி விற்றாலும் நம்பாதீர்கள், தண்டம் என்று சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். லிவர் எழும்பிய பிறகு குக்கர் அணைவதில்லை. 'வார்ம்' என்ற நிலைக்குப் போய் சோற்றைச் சூடாகவே வைத்திருக்கிறது. எங்கள் குக்கரில் இதற்குச் சராசரி 35 வாட் பிடிக்கிறது. சின்ன எண்தான். ஆனால் காலையில் ஆக்கி இரவு எட்டு மணி வரை அப்படியே விட்டால் சோறு ஆக்கியதைவிடக் காத்து நின்றதற்கு அதிகம் செலவாகிவிடும். சோறும் ஓரத்தில் மஞ்சளாகிக் காய்ந்துபோகும்.

அதற்காக வார்மை அணைத்து மூடிபோட்டு மதியம் முழுக்க வைக்கவும் கூடாது. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் கொதித்தாலும் சாவதில்லை. சோறு 60 டிகிரிக்குக் கீழே வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை பெருகி நஞ்சு உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சில் ஒரு வகை அழியாது. சூடாக வையுங்கள், அல்லது சீக்கிரம் ஆறவைத்து பிரிட்ஜில் வையுங்கள். மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றிப் பழையது போடுவது வேறு வழி; அங்கே புளிப்பு காவல் காக்கிறது.

மின்வெட்டும் மெமரியும்

இப்போது அந்தப் பெரைட் கதைக்கு வருவோம். ஒரு நாள் மதியம் அப்பாவிடமிருந்து போன். நான் மீட்டிங்கில் இருந்தேன். அப்பா அந்த நேரத்தில் அழைப்பவர் இல்லை. பதறிக்கொண்டு வெளியே வந்து எடுத்தேன்.

"தம்பி, கரண்டு போயிடுச்சு. சோறு பாதியில நிக்குது. என்னடா பண்றது?"

"லிவர் எப்படி இருக்குப்பா?"

"கீழதான் இருக்கு."

"அப்படியே விட்டுடுங்க. தொறக்காதீங்க."

காந்தம் பெரைட்டை விடுவது சூட்டால்தானே தவிர மின்சாரம் போவதால் அல்ல. கரண்ட் போனபோது தண்ணீர் இன்னும் இருந்தது. 103ஐத் தொடவில்லை. ஆகவே காந்தம் ஒட்டியபடியே இருந்தது, லிவர் கீழேயே நின்றது. இருபது நிமிடம் கழித்து மின்சாரம் வந்ததும் குக்கர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. சோறு கொஞ்சம் குழைவாக வந்ததாம்.

டிஸ்ப்ளேயும் பத்துப் பொத்தான்களும் உள்ள டிஜிட்டல் குக்கர்களில் பலவற்றுக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது. மின்சாரம் போய்வந்தால் புதிதாய்ப் பிறந்ததுபோல் கடிகாரத்தை மினுக்கிக்கொண்டு நிற்கும். விலை கூடிய சில மாடல்களில் மெமரி உண்டு, வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். லோத்ஃபி சாதே 1965இல் எழுதிய ஃபஸ்ஸி தியரி, 1990ஐ ஒட்டி ஜப்பானிய குக்கர்களுக்குள் நுழைந்தது. அது வெப்பநிலை ஏறும் வேகத்தைப் பார்த்து, அரிசி எவ்வளவு இருக்கிறது என்று ஊகித்து, சூட்டைக் கூட்டிக் குறைக்கும். 2016இல் ஷாவ்மி மொபைல் போனில் இயக்கும் குக்கரையே சீனாவில் வெளியிட்டது. ஜப்பானிய அரிசிக்கு அதெல்லாம் அருமையாக வேலை செய்யும். சாப்ட்வேர் எழுதிச் சம்பாதிப்பவன் சொல்கிறேன், புழுங்கல் பொன்னிக்கும் நம் மின்வெட்டுக்கும் லிவர் வைத்த குக்கரே போதும்.

நான் கெடுத்த குக்கர்

இது அப்பாவுக்குத் தெரியாத கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாங்கள் நால்வர் தங்கியிருந்த அறையில் காஸ் கிடையாது, ஒரு ரைஸ் குக்கர் மட்டும். அதிலேயே தக்காளிச் சாதத்துக்கு வெங்காயம் வதக்கப் பார்த்தோம். தண்ணீர் இல்லையே, இரண்டு நிமிடத்தில் லிவர் எழும்பிவிடும். அழுத்தினால் மறுபடி எழும்பும். நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு கரண்டிக் காம்பைச் செருகி லிவரை எழும்பவிடாமல் செய்தேன். வெங்காயம் அருமையாக வதங்கியது. அடுத்த நிமிடம் விளக்கு அணைந்தது.

ரிப்பேர் கடைக்காரர் திறந்து காட்டினார். ஹீட்டருக்கு அருகே துணிக்குழாய் போர்த்தி ஒரு தெர்மல் ப்யூஸ். காந்தம் கைவிட்டால் காப்பாற்ற இருக்கும் கடைசிக் காவல். "காவல்காரன் கையக் கட்டிப்போட்டுட்டு திருடன் வந்துட்டான்னா எப்படி சார்?" என்றார். அதற்கு முந்தைய வாரம் அதே போல வந்த ஒரு குக்கரில் யாரோ ப்யூஸை எடுத்துவிட்டு நேராகக் கம்பி போட்டிருந்தார்களாம். அதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யவிடாதீர்கள். அப்படிச் செய்த குக்கர் காஸ் அடுப்பைவிட ஆபத்தானது. மசாலாவைத் தனியாக வாணலியில் வதக்கிக் கொட்டுங்கள். அப்போதும் கெட்டி மசாலா அடியில் படிந்தால் அந்த இடம் மட்டும் சூடேறி லிவர் முன்கூட்டியே எழும்பும். மசாலாவை அரிசிக்கு மேலாகப் போட்டால் தப்பிக்கலாம்.

அப்பாவுக்கும் ஒரு விபத்து நடக்கப் பார்த்தது. உள் பாத்திரம் தொட்டியில் கழுவக் கிடக்க, ஞாபகம் இல்லாமல் அரிசியையும் தண்ணீரையும் நேராகக் குக்கர் உடம்புக்குள் கொட்டிவிட்டார்! நல்லவேளை, பிளக் மாட்டவில்லை. இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, கடையில் காட்டிய பிறகுதான் மறுபடி மாட்டினோம். மறதி உள்ள பெரியவர்களுக்கு இது வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லமாட்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு விதி. பிளக் எப்போதும் கழற்றியே இருக்க வேண்டும். பாத்திரத்தை உள்ளே வைத்து, அடிப்பாகம் துடைத்து, மூடிய பிறகுதான் மாட்ட வேண்டும். எர்த் சரியாக உள்ள மூன்று பின் சாக்கெட்டில் மட்டும். பாத்திரத்துக்கு அடியில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலும் பெரைட்டுக்குச் சூடு சரியாகப் போய்ச் சேராது, அடிபிடிக்கும். ஆகவே துடைப்பது முக்கியம்.

அப்படியானால் யார் வாங்கலாம்?

வீட்டில் ஒருவர் முழுநேரமும் அடுப்படியில் இருக்கிறார், பருப்பும் சோறும் ஒரே குக்கரில் ஆகிறது, கை பழகிவிட்டது என்றால் வாங்காதீர்கள். ஆயிரத்துச் சொச்சமோ இரண்டாயிரமோ மிச்சம். வடித்த சோறுதான் வேண்டும் என்பவர்கள் வாங்கினால் ஏமாந்து போவார்கள்.

அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள், இரவு ஷிப்ட் முடித்து வருபவர்கள், கைக்குழந்தையோடு தனியாக இருப்பவர்கள் வாங்கலாம். இவர்களுக்கு இந்தச் சாதனம் தருவது ருசியும் அல்ல, கரண்ட் மிச்சமும் அல்ல. அடுப்படியில் நிற்காத அரை மணி நேரம். விசிலுக்குக் காது கொடுக்க வேண்டாத அரை மணி நேரம். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு வாங்கிக் கொடுப்பதென்றால் பார்சல் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். மூன்று நாள் கூட இருந்து ஆக்கிப் பாருங்கள். தண்ணீர் அளவை பாத்திரத்தின் உள்ளே உள்ள கோட்டை நம்பாமல், அவர்கள் கையில் எடுக்கும் அதே டம்ளரால் அளந்து, பெரிய எழுத்தில் எழுதி சுவரில் ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் காலண்டர் அட்டையின் பின்பக்கம் அப்பாவே எழுதி மாட்டியிருக்கிறார்: '1க்கு 3. 2க்கு 5½. பிளக்கு கடைசி.'

அலுமினியப் பாத்திரமா, நான்-ஸ்டிக்கா என்பது உங்கள் விருப்பம். புளிச்சாதம், தக்காளிச்சாதம் அடிக்கடி செய்வதென்றால் பூச்சு இல்லாத அலுமினியத்தைத் தவிர்த்துவிடுங்கள். பெட்டியைக் கடையிலேயே பிரித்து, பாத்திரத்தை உள்ளே வைத்துச் சுழற்றிப் பாருங்கள். ஆடாமல் தட்டோடு பொருந்த வேண்டும்.

இப்போது அப்பா பருப்பை இன்டக்ஷன் அடுப்பில், டைமர் வைத்து, புதுப் பிரஷர் குக்கரில் வேகவைக்கிறார். சோறு இதில். விருந்தாளி வந்தால் ஆழாக்குக் கணக்கைச் சொல்லிக் காட்டுகிறார்.

அமாவாசை அன்று மட்டும் இந்தக் குக்கரைத் தொடமாட்டார். அம்மாவுக்குப் படைப்பது வடித்த சோறாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார். காஸ் அடுப்பில் உலை வைத்து, தட்டு மூடி, சாய்த்து வடிக்கிறார். நான் ஒன்றும் சொல்வதில்லை. அன்று பதினொன்றரைக்கு போன் செய்து, சிலிண்டர் வால்வு வரைக்கும் மூடியாயிற்றா என்று கேட்டுவிட்டுத்தான் என் வேலையைப் பார்ப்பேன்.